நொச்சி இருக்கட்டும், முதலில் குதிக்காலைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: டொக்டர், நாங்கள் விசுவமடுப் பக்கம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, சீனி வருத்தத்துக்குக் கிளினிக்கில் குளிசை எடுக்கிறா. இரண்டு முழங்காலும் நோகுது, குந்தி எழும்ப ஏலாது. போன கிழமை மல்லாவியில் இருந்து வந்த மாமி, குதிக்கால் உளைவுக்கு எருக்கலை இலையைச் சுடு செங்கல்லில் வைத்து மிதிக்கச் சொன்னா. மிதித்துவிட்டு நல்ல சுகம் என்றா. அடுத்த நாள் பார்த்தால் குதிக்காலில் கொப்புளம், அம்மாவுக்கு அது தெரியவே இல்லை. மஞ்சள் பூசியிருக்கிறோம். முழங்காலுக்கு எந்த இலை நல்லது? முடக்கொத்தான் கசாயம் குடித்தால் குளிசையை விடலாம் என்கிறார்கள், உண்மையா? சந்தையில் வாங்கிய வாதப்பொடி ஒன்றும் கொஞ்ச நாளாகக் குடிக்கிறா, அதில் நோ நன்றாகக் குறைந்தது, முகம் மட்டும் கொஞ்சம் ஊதின மாதிரி இருக்கு. தம்பிக்கும் வயல் வேலையால் கெண்டைக்கால் நோ, நேற்றிலிருந்து மேலும் சுடுது. அவனுக்கும் நொச்சி ஒத்தணம் பிடிக்கலாமா? அம்மாவின் வலது முழங்காலுக்குக் கீழே 2009 சண்டையில் பட்ட செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கு, அதையும் சொல்லவேணும்.

பதில்:

தங்கச்சி, நீங்கள் கேட்ட வரிசையிலேயே பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன விஷயங்கள்தான் இதில் அவசரமானவை. முதலாவது, "அம்மாவுக்கு அது தெரியவே இல்லை" என்ற வரி. சுடு செங்கல்லில் கால் வைத்தால் யாரும் சட்டென்று இழுத்துக்கொள்வார்கள். இழுக்கவில்லை, மாறாகச் சுகமாக இருக்கிறது என்று இன்னும் அழுத்தி மிதித்திருக்கிறா என்றால், பாதத்தின் உணர்ச்சி நரம்புகளைச் சீனி வருத்தம் ஏற்கெனவே கெடுத்துவிட்டது என்று நான் சந்தேகப்படுகிறேன். குதிக்கால் தோல் தடிப்பு, மேலே கொப்புளமாகத் தெரியும்போது உள்ளே எவ்வளவு ஆழத்துக்கு வெந்திருக்கிறது என்று வீட்டில் இருந்து சொல்லவே முடியாது. போதாததற்கு எருக்கலைப் பால் தோலை அரிக்கக் கூடியது.

ஆகவே இன்றைக்கே, நாளைக்கு இல்லை, கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு கிட்ட உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்க வேண்டாம். பூசிய மஞ்சளை ஆறவைத்த கொதிதண்ணீரால் மெதுவாகக் கழுவிவிட்டு, சுத்தமான மருந்துத் துணியால் மூடுங்கள். வேப்பிலை அரைப்பு, பற்பசை, சாம்பல் என்று யார் என்ன சொன்னாலும் மேலே வைக்க வேண்டாம். வெறுங்காலோடு முற்றத்திலும் மாட்டுக்கொட்டிலிலும் நடக்கிற பழக்கத்தை இந்தக் காயம் ஆறும்வரைக்குமாவது விடச் சொல்லுங்கள், ஆறிய பிறகும் விட்டால் இன்னும் நல்லது. சுற்றிச் சிவந்தாலோ, மணந்தாலோ, கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ இரவென்றும் பார்க்க வேண்டாம். கண்ணிவெடியில் போன கால்களை நாங்கள் வன்னியில் நிறையப் பார்த்துவிட்டோம், இப்போது சீனிக்காரருக்குக் காலை எடுக்க வேண்டி வருவது பெரும்பாலும் இப்படி ஒரு சின்னக் கொப்புளத்தில் தொடங்கித்தான்.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே ஒரு முறை பார்க்கலாம். அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லி, உங்கள் விரல் நுனியால் அவவின் காலின் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், ஒன்றிரண்டு செக்கன் தொடுங்கள். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். தொட்டது தெரிந்தால் சொல்லட்டும். இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தப் பாதங்களுக்கு இனிமேல் செங்கல்லும் வேண்டாம், சுடுதண்ணீர்ப் போத்தலும் வேண்டாம், உப்பு ஒத்தணமும் வேண்டாம். இலை எதுவானாலும் இதே கதைதான், ஏனென்றால் காலைச் சுட்டது சூடு.

அடுத்தது தம்பி. மேல் சுடுகிறது, கெண்டைக்கால் நோகிறது, வயலில் நிற்கிற ஆள். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் எனக்கு நொச்சி ஞாபகம் வராது, எலிக்காய்ச்சல்தான் ஞாபகம் வரும். எலியும் மாடும் எருமையும் கழிக்கிற மூத்திரத்தில் வருகிற கிருமி வயல் தண்ணீரிலும் சேற்றிலும் கிடக்கும், காலில் உள்ள வெடிப்பு, கீறல் வழியாக உள்ளே போகும். பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல், தலையிடி, தசை நோ என்று தொடங்கும். கெண்டைக்காலைக் கையால் பிடித்தாலே துடித்துப்போவார்கள், கண் சிவந்திருக்கும். சாதாரண வேலை உளைவு இப்படி இருக்காது, அது ஓய்வெடுத்தால் இரண்டு மூன்று நாளில் தணியும், மேல் சுடாது. எலிக்காய்ச்சலைத் தொடக்கத்திலேயே பிடித்தால் மருந்தில் மாறிவிடும், பிந்தினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் சுவாசப்பையையும் அடிக்கும். 2024 டிசம்பரில், அந்த வெள்ளத்துக்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் அது உயிர்களை எடுத்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். முதலில் ஏதோ மர்மக் காய்ச்சல் என்றுதான் கதைத்தார்கள்.

இதை வாசித்த கையோடு அவனையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், வயலில் வேலை செய்கிறவன் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் பார்க்கிறவர்களுக்கு வேறு காய்ச்சல் மாதிரித்தான் தெரியும். அதுவரை பனடோல் மட்டும் கொடுங்கள். டைக்ளோபெனாக், இபுபுரோபன் மாதிரி நோக்குளிசைகள் வேண்டாம், டெங்காக இருந்தால் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் இல்லாமல் வெறும் உளைவுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டால் அப்புறம் நொச்சி போட்டு அவித்த தண்ணீரில் தாராளமாகக் குளிக்கட்டும், நானே சொல்லுவேன். இன்னொன்று, இப்போது காய்ச்சல் இல்லாமல் வயலில் இறங்குகிற மற்ற ஆட்கள், வீட்டில் இருந்தாலும் பக்கத்து வளவில் இருந்தாலும், எலிக்காய்ச்சல் வராமல் தடுக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் டொக்சிசைக்ளின் கேட்டு எடுக்கலாம். கிழமைக்கு ஒரு தடவை எடுக்கிற மருந்து அது, காசு இல்லை. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் எடுக்கக்கூடாது என்பதால்தான் கேட்டு எடுங்கள் என்கிறேன்.

சரி, இப்போது முழங்காலுக்கு வருவோம்.

நான் கைதடியில் சித்த மருத்துவம் படித்த ஆள், இலையைப் பழித்து எனக்கு ஒரு இலாபமும் இல்லை. ஆனால் நோயாளிகள் என்னிடம் "எந்த இலை டொக்டர்" என்று கேட்கும்போது, இலையை விட அதோடு வருகிற மற்ற மூன்று விஷயங்கள்தான் பெரும்பாலும் வேலை செய்கின்றன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. சூடு, கை, ஓய்வு. சூடு பட்டதும் இரத்த ஓட்டம் கூடும், இறுகிக் கிடந்த தசை இளகும். தடவுகிற தொடுகை நரம்பு வழியாகப் போகும்போது நோவுக்கான செய்தியை முதுகுத்தண்டிலேயே ஓரளவு மறித்துவிடும். 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன விளக்கம் இது, அடிபட்ட இடத்தை நாங்கள் உடனே தேய்த்துக்கொள்வதும் இதனால்தான். அப்புறம், ஒத்தணம் பிடிக்கிற நேரம் முழுக்க அம்மா அசையாமல் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறா, மகள் பக்கத்தில் இருக்கிறா. அதுவும் மருந்துதான், சிரிக்க வேண்டாம்.

அப்படியென்றால் இலை சும்மாவா என்றால், அப்படியும் இல்லை. நொச்சி இலைச் சத்து எலிகளில் வீக்கத்தைக் குறைப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, மனிதரில் நடந்தவை சின்னச் சின்ன ஆய்வுகள். இலைக்கட்டைப் பற்றி மனிதரில் ஒழுங்காகச் செய்த ஒரு ஆய்வு என்றால் எனக்கு உடனே ஞாபகம் வருவது எங்களுடைய இலையே இல்லை, கோவா (முட்டைக்கோசு) இலை! ஜேர்மனியில் செய்து 2016இல் வெளிவந்தது. முழங்கால் தேய்வு உள்ள 81 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்துக்கு நாலு கிழமை கோவா இலையைக் கட்டினார்கள், இன்னொரு கூட்டத்துக்கு டைக்ளோபெனாக் ஜெல், மூன்றாவது கூட்டம் வழமையான வைத்தியத்தோடு. இலை கட்டியவர்களுக்கு வழமையான வைத்தியத்தை விட நோ குறைந்தது, ஜெல்லை விட அதிகமாகக் குறையவில்லை. ஆனால் கட்டியிருப்பது இலை என்று கட்டினவருக்குத் தெரியும்தானே, நம்பிக்கையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், நோ குறைந்து அம்மா நாலு அடி கூட நடந்தால் அந்தச் சண்டை எங்களுக்குத் தேவையில்லை, வெளியில் வைக்கிற இலைக்கு இந்த அளவு ஆதாரம் போதும். உள்ளே குடிக்கிறதுக்குத்தான் போதாது.

நொச்சியை உங்களுக்குத் தெரிந்திருக்கும், என்றாலும் சொல்கிறேன். ஒரு காம்பில் மூன்றோ ஐந்தோ இலை விரல் மாதிரி விரிந்திருக்கும், மேலே கரும்பச்சை, திருப்பினால் சாம்பல் வெள்ளை, கசக்கினால் மூக்கில் ஏறுகிற மணம், ஊதாப் பூ. குளக்கட்டு, வாய்க்கால் கரை, வேலி என்று ஈரம் கிடைக்கிற இடத்தில் நிற்கும். நெல் மூட்டைக்குள் பூச்சி வராமல் போடுகிறார்களே, அதே இலைதான்.

ஒத்தணம் பிடிக்கிற இலைப் பொட்டணத்துக்கு, நொச்சி இரண்டு கைப்பிடி, ஆமணக்கு இலை மூன்று நாலு, புளியமிலையோ முருங்கையிலையோ ஒரு கைப்பிடி. பாவட்டை கிடைத்தால் அதையும் சேருங்கள், கிடைக்காவிட்டால் அதைத் தேடி அலைய வேண்டாம். கழுவி, தண்ணீர் வடிந்ததும் கையளவாக அரிந்துகொள்ளுங்கள். தாச்சியில் நல்லெண்ணெய் கொஞ்சம் விட்டு, முதலில் அரைமூடித் தேங்காய்த் துருவலும் வட்டமாக வெட்டிய ஒரு தேசிக்காயும் போட்டு, துருவல் ஓரம் சிவக்கத் தொடங்கும்போது இலையைக் கொட்டி, ஒரு கரண்டி மஞ்சளும் உப்பும் போட்டுக் கிளறுங்கள். முதலில் பச்சை மணம் வரும், கொஞ்ச நேரத்தில் அது மாறி வறுத்த மணம் வரும், இலையின் ஈரம் போய்ச் சுருண்டுவிடும், அப்போது இறக்கலாம். பழைய பருத்திச் சாரத்துத் துண்டில் இரண்டாகப் பிரித்து, கைப்பிடி வருகிற மாதிரி இறுக்கிக் கட்டுங்கள். நைலோன் துணி வேண்டாம். ஒன்று முழங்காலில் இருக்கும்போது மற்றது இளஞ்சூட்டில் தாச்சியில் இருக்கட்டும், ஆற ஆற மாற்றலாம்.

இதில் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். சூட்டைப் பார்ப்பது உங்கள் மணிக்கட்டு, அம்மாவின் வாய் இல்லை. உங்கள் மணிக்கட்டின் உட்பக்கத்தில் பொட்டணத்தை வைத்துப் பத்து வரை எண்ணுங்கள், சுகமாக எண்ண முடிந்தால் மட்டும் அவவின் முழங்காலில் வையுங்கள். அம்மா "இன்னும் சுடச்சுட வை பிள்ளை" என்பா, கேட்க வேண்டாம். முழங்காலிலும் தொட்டால் தெரிகிறதா என்று கண்ணை மூடச் சொல்லிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முழங்கால் சிரட்டைக்கு மேலே தொடைப்பக்கம், இரண்டு பக்கவாட்டு என்று ஒற்றி எடுத்து எடுத்து வையுங்கள், ஒரே இடத்தில் அழுத்தி வைக்க வேண்டாம், முழங்காலின் பின்பள்ளத்தில் அழுத்தவே வேண்டாம். கால் மணித்தியாலம் போதும். பாமோ ஜெல்லோ பூசிய தோலில் உடனே சூடு வைத்தால் எரிந்துவிடும், இரண்டில் ஒன்று. அதே பொட்டணத்தை மூன்று நாள் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் வெக்கைக்கு இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். இலைதானே, காசா பணமா, புதிதாகச் செய்யுங்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லாத நாளில் ஆமணக்கு இலை ஒன்றில் எண்ணெய் தடவி, அடுப்பு வெக்கையில் வாட்டி, இளஞ்சூடாக முழங்காலில் வைத்துத் துணியால் தளரக் கட்டினாலும் சரி. வாதநாராயணி நிற்கிற வளவு என்றால் அந்த இலையையும் இப்படிப் பாவிக்கிறார்கள். சுளுக்கி வீங்கிய புதுக் காயத்துக்கு இவை எதுவும் வேண்டாம், முதல் இரண்டு நாளும் குளிர்தான்.

எருக்கலையை நான் வீட்டில் பாவிக்கச் சொல்வதில்லை. முக்கிய காரணம் கண். இலையை ஒடிக்கும்போது வருகிற பால் கையில் பட்டு, அந்தக் கையால் கண்ணைத் துடைத்தால் கருவிழி வீங்கிவிடும், பெரிதாக நோகாமலே பார்வை மங்கும், நோகாதபடியால் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் பிந்தித்தான் போவார்கள். பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் கால் மணித்தியாலம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குத்தான். ஊமத்தையை முறிவுநெரிவுக்கு அரைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு, அதன் சத்து தோலால், முக்கியமாகக் காயம்பட்ட தோலால், உள்ளே போகும். வாய் வறண்டு, கண்மணி விரிந்து, சிறுநீர் அடைத்து, ஆள் பிதற்றத் தொடங்கினால் வீட்டார் பேய் பிடித்ததென்று நினைப்பார்கள். கொடிவேலி தோலைக் கொப்புளிக்க வைக்கும். ஆமணக்கு இலையால் பெரிய பயமில்லை, கொட்டையைப் பிள்ளைகள் மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, ஆகவே வளவில் நின்றால் குலையை முற்ற விடாமல் வெட்டிவிடுங்கள்.

குடிக்கிற கேள்விக்கு வருகிறேன். முடக்கொத்தான் நல்ல கீரை, மழைக்குப் பிறகு வேலியில் படர்ந்து ஊதின காய் தொங்கும், உள்ளே கறுப்பு விதையில் வெள்ளையாக இதய வடிவம் இருக்கும், அப்படித்தான் அடையாளம் பிடிப்பது. இரசமாக, கஞ்சியாக, தோசை மாவில் அரைத்துச் சாப்பிடுங்கள், சிலருக்கு வயிற்றால் போகும், அவ்வளவுதான். ஆனால் அதைக் குடித்துவிட்டுக் குளிசையை விடலாம் என்றாரே ஒருவர், அவரிடம் எந்தக் குளிசையை என்று கேட்டீர்களா? அம்மா எடுப்பது சீனிக் குளிசை. முழங்கால் நோவுக்குக் கசாயம் குடித்துச் சீனிக் குளிசையை விட்டால் நோ மாறுதோ இல்லையோ, குதிக்கால் புண் ஆறாது. கிளினிக் குளிசை ஒன்றைக்கூட விட வேண்டாம். இரத்தம் கட்டிபடாமல் இருக்க, இதயத்துக்கென்று வாபரின் எடுக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் எந்தக் கசாயத்தையும் கிளினிக்கில் கேட்காமல் தொடக்கூடாது.

எந்த இலை என்று சரியாகத் தெரியாமல் காட்டில் பிடுங்கி அவிக்கிற பழக்கம் எனக்கு உண்மையில் பயம். ஆடுதின்னாப்பாளை, பெருமருந்து என்கிற கொடிகள் எங்கள் பக்கத்து நாட்டு வைத்தியத்தில் பழைய மருந்துகள்தான், நான் மறுக்கவில்லை, ஆனால் அந்தக் குடும்பத்துச் செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை மெல்ல மெல்ல அழிக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இன்றைக்கு ஐயமில்லாமல் நிறுவப்பட்டிருக்கிறது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடம்பு மெலிய என்று இந்த இனச் செடி கலந்த மருந்தை எடுத்த பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். வவுனியா, முல்லைத்தீவின் தெற்குப் பக்கம் எல்லாம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் உள்ள இடம் வேறு. அம்மாவுக்குச் சீனியும் இருக்கிறது. அதனால் கிளினிக்கில் கிரியட்டினின், அதாவது சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற இரத்தப் பரிசோதனை, எப்போது பார்த்தார்கள் என்று கொப்பியைப் புரட்டிப் பாருங்கள், ஒரு வருடத்துக்கு மேல் என்றால் கேட்டுச் செய்வியுங்கள். கடையில் வாங்கி விழுங்குகிற நோக்குளிசைகளும் இதே சிறுநீரகத்தில்தான் கை வைக்கும்.

சந்தைப் பொடியைப் பற்றி நீங்கள் பாராட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள். வேர், இலை, பட்டை எதுவாக இருந்தாலும் பல வருடத்து முழங்கால் தேய்வை அவ்வளவு சீக்கிரம் அமத்தாது. அப்படி அமத்துகிற பொடிகளில் ஸ்டீரொயிட்டோ (உடம்பே சுரக்கிற ஒரு ஓமோனைப் போல வேலை செய்து வீக்கத்தை அமத்துகிற மருந்து) டைக்ளோபெனாக்கோ கலந்திருப்பதைப் பல நாடுகளில் பரிசோதித்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அம்மா குடிக்கிற பொடியை நான் பார்க்கவில்லை, ஆனால் நோ பறந்துபோய் முகம் ஊதுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டீரொயிட்டைத்தான். பசி கூடியிருக்கிறதா, சீனி ஏறியிருக்கிறதா, பிரசர் கூடியிருக்கிறதா, தோல் இலேசில் கன்றிப்போகிறதா என்று பாருங்கள். இதைக் கேட்டவுடன் பொடியைக் கிணற்றடியில் கொட்டிவிட்டு வர வேண்டாம். ஸ்டீரொயிட் கிழமைக்கணக்கில் போன உடம்பு தன்னுடையதைச் சுரக்க மறந்திருக்கும், திடீரென்று நிறுத்தினால் வாந்தி, தலைசுற்று, பிரசர் விழுந்து மயக்கம் என்று வரலாம். குதிக்காலைக் காட்டப் போகிறபோதே பொடிப் பைக்கற்றையும் கொண்டுபோய், எத்தனை நாளாக, ஒரு நாளைக்கு எவ்வளவு என்று சொல்லுங்கள், எப்படி நிறுத்துவது என்று அவர்கள் சொல்லுவார்கள். வெட்கப்பட்டு மறைக்கிறதுதான் ஆபத்து. சுதேச மருந்து வேண்டுமென்றால் பதிவு பெற்ற வைத்தியரிடம் போங்கள், 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்துக்குள் சித்தமும் யூனானியும் வரும், பரம்பரைப் பரியாரிமாரும் அதில் பதியலாம். பெயர், உள்ளடக்கம், செய்த இடம் எதுவும் எழுதாத பைக்கற்றைச் செய்தவர் எதற்கும் பொறுப்பில்லை.

இப்போது, உண்மையில் முழங்காலை மாற்றப்போவது. பொட்டணம் வைத்து முடிந்து முழங்கால் சூடாக இருக்கிற அந்த அரை மணித்தியாலத்தை வீணாக்க வேண்டாம். அம்மாவைக் காலை நீட்டி இருக்கச் சொல்லி, சுருட்டிய துவாயை முழங்காலுக்குக் கீழே வைத்து, அதை முழங்காலால் கீழே அமத்தி ஐந்து வரை எண்ணி விடச் சொல்லுங்கள், பத்துத் தடவை. அப்புறம் கதிரையில் இருந்து பாதத்தை உயர்த்திக் காலை நேராக்கி, அதே ஐந்து, அதே பத்து. காலையும் மாலையும். குதிக்கால் புண் ஆறும்வரை நடைப்பயிற்சி வேண்டாம், இந்த இரண்டும் பாதத்தை ஊன்றாமல் செய்யக்கூடியவை. தொடைத் தசை பலமானால் முழங்காலுக்கு விழுகிற பாரம் குறையும். பிரித்தானியாவின் 2022 வைத்திய வழிகாட்டியிலும் முழங்கால் தேய்வுக்கு எல்லோருக்கும் சொல்கிற முதல் சிகிச்சை பயிற்சிதான், நோ தாங்காவிட்டால் பூசுகிற ஜெல், பனடோலைக்கூட வழமையாகக் கொடுக்கச் சொல்லவில்லை. பயிற்சி தொடங்கிய முதல் இரண்டு கிழமை நோ கொஞ்சம் கூடும், அதற்காக விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கச்சான் ஆய்வது, வெங்காயம் நடுவது, அடுப்படி, எல்லாம் எங்கள் பெண்கள் குந்தியிருந்துதான் செய்கிறார்கள், முழங்கால் தேய்வதற்கு அதைவிட நல்ல வழியில்லை. கச்சானை மேசையில் கொட்டிக் கதிரையில் இருந்து ஆயலாம். மலசலகூடத்தில் கொமட் வைக்க வசதியில்லை என்றால் நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்ரிக் கதிரை ஒன்று போதும். ஒரு கிலோ நிறை குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நாலு கிலோ பாரம் குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள், அம்மாவின் சீனிக்கும் அது நல்லதுதான். காலையில் கை விரல்கள் அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்துக் கிடந்தாலோ, ஒரு மூட்டு மட்டும் திடீரென்று சிவந்து கொதித்தாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினாலோ அது தேய்வு இல்லை, ஒத்தணமும் தடவலும் வைக்காமல் காட்டுங்கள்.

கடைசியாகச் செல் துண்டு. வன்னியில் முழங்கால் நோ என்று வருகிற இந்த வயதுக்காரரிடம் நான் கேட்காமல் விடாத கேள்வி அது, நீங்களே சொன்னது நல்லது. இளஞ்சூட்டுப் பொட்டணத்தால் உள்ளே கிடக்கிற துண்டு சூடாகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் தழும்பைச் சுற்றி நரம்பு அறுந்து மரத்திருக்கும், அந்த இடத்தில் சூடும் வேண்டாம், தேய்த்து உருவுகிறதும் வேண்டாம், பொட்டணம் தழும்பைத் தொடாமல் முழங்காலோடு நிற்கட்டும். சில கிளினிக்குகளில் மின்சாரக் கருவியால் ஆழமாகச் சூடு கொடுப்பார்கள், அதற்கு முன் உலோகம் இருக்கிறது என்று கட்டாயம் சொல்லுங்கள். பல வருடம் சும்மா கிடந்த துண்டுதான் என்றாலும் திடீரென்று அந்த இடம் வீங்கினால், சிவந்தால், ஊனம் வடிந்தால் காட்ட வேண்டும். மற்றது, வலது முழங்கால் இடதை விடக் கூட நோகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியென்றால் துண்டு மூட்டுக்குக் கீழேயா, மூட்டுக்குள்ளேயேவா என்று பார்க்க வேண்டும், உள்ளே இருந்தால் மூட்டை அது அரைத்துக்கொண்டேயிருக்கும், எந்த இலையாலும் ஒன்றும் செய்ய ஏலாது, எலும்பு வைத்திய நிபுணரிடம்தான் போக வேண்டும். இரண்டு முழங்காலுக்கும் எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கள், தேய்வும் துண்டும் ஒரே படத்தில் தெரியும். அந்தப் படத்தைக் கிளினிக் கொப்பியோடு வைத்துக்கொள்ளுங்கள், எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் அறைக்குள் போக முன்னமே அதைக் காட்ட வேண்டும்.